மயானத்துக்கு நிலம் எடுக்கும் அதிகாரம் பஞ்சாயத்துக்குக் கிடைத்தால் பிரச்சினை தீருமா?

2019 ஆகஸ்ட்டில் வைரலான அந்த வீடியோவைப் பலர் மறந்திருக்க மாட்டீர்கள். வாணியம்பாடி பக்கத்தில் உள்ள நாராயணபுரம். பாலாற்றுப் பாலத்தின் மேலிருந்து சுமார் 20 அடி கீழே, பாடையில் கட்டிய ஓர் உடலைக் கயிறு போட்டு இறக்குகிறார்கள். கீழே நாலைந்து பேர் கைநீட்டி வாங்குகிறார்கள். இறந்தவர் ஒரு தலித். ஆற்றங்கரைக்குப் போகும் வழி தனியார் பட்டா நிலத்துக்குள் போகிறது, அங்கே வேலி. அதனால் பாலத்தின் மேலிருந்து இறக்க வேண்டியதாகிவிட்டது.

சென்னை உயர் நீதிமன்றம் இதைத் தானாக முன்வந்து வழக்காக எடுத்தது. பள்ளிக்கூடமும் மருத்துவமனையும் எல்லோருக்கும் பொதுவாக இருக்கும்போது மயானம் மட்டும் ஏன் தனித்தனி, தனி மயானம் ஒதுக்கி அரசே இந்தப் பிரிவினையை வளர்க்கிறதா என்ற ரீதியில் நீதிபதிகள் கேட்டார்கள்.

அந்தக் கேள்வியை அப்படியே வைத்துக்கொள்ளுங்கள், பின்னால் திரும்ப வரும். இந்த மாதிரி ஒவ்வொரு சம்பவத்துக்குப் பிறகும் ஒரு யோசனை கிளம்பும்: "மயானத்துக்கு நிலம் எடுக்கிற அதிகாரத்தைப் பஞ்சாயத்துக்கே கொடுத்துட்டா என்ன?" கேட்க நியாயமாகத்தான் இருக்கிறது. பிணத்தை வைத்துக்கொண்டு கலெக்டர் ஆபீஸ் வாசலில் ஏன் நிற்க வேண்டும்? உள்ளூர்ப் பிரச்சினையை உள்ளூரிலேயே தீர்த்துக்கொள்ளலாமே?

முதலில், இப்போது சட்டப்படி யார் கையில் என்ன இருக்கிறது என்று பார்ப்போம்.

கடமை ஒருவருக்கு, அதிகாரம் இன்னொருவருக்கு

அரசமைப்புச் சட்டத்தின் ஏழாவது அட்டவணையில் மாநிலப் பட்டியலின் 10-வது இனம் மயானங்கள் பற்றியது. புதைப்பது, எரிப்பது, அதற்கான இடங்கள் எல்லாமே மாநில அரசின் விஷயம். நில எடுப்பு மட்டும் பொதுப்பட்டியலில் (42-வது இனம்) இருக்கிறது. அதாவது மத்திய அரசும் சட்டம் போடலாம், மாநிலமும் போடலாம்.

உள்ளாட்சிகளுக்கு வருவோம். நகராட்சி, மாநகராட்சிகளுக்கான 12-வது அட்டவணையில் மயானங்களும் மின்மயானங்களும் 14-வது இனமாக வெளிப்படையாக எழுதப்பட்டிருக்கின்றன. கிராமப் பஞ்சாயத்துகளுக்கான 11-வது அட்டவணையில் விவசாயம், குடிநீர், சாலை, நூலகம், சந்தை என்று 29 துறைகள் உள்ளன. மயானம் அதில் இல்லவே இல்லை! மயானச் சண்டைகளில் பெரும்பாலானவை கிராமங்களில்தான் நடக்கின்றன என்பதை நினைத்தால் இது கொஞ்சம் விநோதம்தான்.

அந்தக் குறையைத் தமிழ்நாடு ஊராட்சிகள் சட்டம், 1994 ஓரளவு ஈடுகட்டுகிறது. அதன் 110-வது பிரிவில் கிராமப் பஞ்சாயத்தின் கடமைகள் வரிசையாக வருகின்றன. சாலை, தெருவிளக்கு, சாக்கடை, கிணறு ஆகியவற்றோடு புதைக்கும், எரிக்கும் இடங்களை ஏற்படுத்திப் பராமரிப்பதும் உண்டு. 'கடமை' என்றுதான் சட்டம் சொல்கிறது. ஆனால் கூடவே ஒரு கொக்கி: பஞ்சாயத்தின் நிதி வரம்புக்குள் 'நியாயமான ஏற்பாடு' செய்தால் போதும். காசு இல்லாத பஞ்சாயத்தின் கடமை, காசு இல்லை என்ற ஒரு வரியோடு முடிந்துவிடலாம்.

சரி, கடமை பஞ்சாயத்துக்கு. அதற்கான நிலத்தை எப்படிப் பெறுவது? ஊரில் அரசு புறம்போக்கு இருந்தால் வகைப்பாட்டை மாற்றி ஒதுக்கித் தரச் சொல்லி வருவாய்த் துறையிடம் கேட்கலாம். யாராவது நன்கொடையாகத் தந்தால் வாங்கிக்கொள்ளலாம். பேச்சுவார்த்தை நடத்தி விலைக்கு வாங்கலாம். இவை எதுவும் அமையாவிட்டால், உரிமையாளர் சம்மதிக்காவிட்டாலும் இழப்பீடு கொடுத்து எடுப்பதுதான் ஒரே வழி. நில ஆர்ஜிதம் என்று நாம் சொல்வது இதைத்தான். இந்த அதிகாரம் பஞ்சாயத்துக்குக் கிடையாது. தீர்மானம் போடலாம், கலெக்டருக்கு அனுப்பலாம், காத்திருக்கலாம். எவ்வளவு நாள் என்று கேட்டால், அந்தத் தீர்மானத்துக்குப் பதில் சொல்ல கலெக்டருக்குச் சட்டம் எந்தக் கெடுவும் வைக்கவில்லை.

இந்தப் பிரச்சினையின் மையமே இதுதான் என்பது என் வாதம். நிலம் தர வேண்டிய கடமை உள்ளவரிடம் நிலத்தை எடுக்கும் அதிகாரம் இல்லை. எடுக்கும் அதிகாரம் உள்ளவருக்கு, இத்தனை நாளுக்குள் எடுத்துக் கொடுத்தே ஆக வேண்டும் என்ற கட்டாயம் இல்லை.

வேறு எங்காவது புதைத்துக்கொள்ளலாமா?

"மயானம் இல்லைன்னா சொந்த நிலத்துல புதைச்சுக்க வேண்டியதுதானே?" இந்தக் கேள்வி வரும் என்று தெரியும்.

அதற்கும் விதி உண்டு. தமிழ்நாடு கிராமப் பஞ்சாயத்துகளுக்கான மயான விதிகள், 1999. குடியிருப்பிலிருந்தும் குடிநீர் ஆதாரத்திலிருந்தும் 90 மீட்டருக்குள் புதைக்கவோ எரிக்கவோ கூடாது. புதிதாக ஓரிடத்தை மயானமாகப் பயன்படுத்த உரிமம் வேண்டும். 90 மீட்டரைத் தாண்டிவிட்டால் எங்கு வேண்டுமானாலும் புதைக்கலாமா என்பதில் உயர் நீதிமன்றத்துக்குள்ளேயே மாறுபட்ட தீர்ப்புகள் இருந்தன. 2023-ல் மூன்று நீதிபதிகள் கொண்ட முழு அமர்வு அதை முடித்துவைத்தது: பஞ்சாயத்து ஏற்படுத்திய இடம் அல்லது முறையாக உரிமம் பெற்ற இடம், இந்த இரண்டைத் தவிர வேறு எங்கும் புதைக்க விதிகள் இடம் தரவில்லை.

நகரத்திலும் இதே கதைதான். 2024 ஜூலையில் கொலையான பகுஜன் சமாஜ் கட்சியின் மாநிலத் தலைவர் ஆம்ஸ்ட்ராங்கை, பெரம்பூர் கட்சி அலுவலக வளாகத்தில் புதைக்க அனுமதி கேட்டு அவரது மனைவி நீதிமன்றம் போனார். ஞாயிற்றுக்கிழமை சிறப்பு விசாரணை நடந்தது. நெருக்கமான குடியிருப்புப் பகுதி என்பதால் அனுமதி கிடைக்கவில்லை. கடைசியில் திருவள்ளூர் மாவட்டம் பொத்தூரில், உறவினருக்குச் சொந்தமான நிலத்தில் அடக்கம் நடந்தது. ஒரு கட்சியின் மாநிலத் தலைவருக்கு ஒரே நாளில் நீதிமன்றக் கதவு திறந்தது, மாற்று நிலமும் கிடைத்தது. நிலமற்ற ஒரு விவசாயக் கூலியின் குடும்பத்துக்கு இந்த இரண்டில் எது கிடைக்கும்?

பொது சுகாதாரம், நிலத்தடி நீர் என்று பார்த்தால் முழு அமர்வின் தீர்ப்பில் நியாயம் இருக்கிறது. ஆனால் அது பஞ்சாயத்தின் கடமையை இன்னும் கனமாக்கிவிடுகிறது. ஒதுக்கிய இடத்தில் மட்டும்தான் புதைக்கலாம் என்றால், ஒதுக்கிய இடம் என்று ஒன்று ஒவ்வொரு ஊரிலும், எல்லோரும் போகக்கூடிய வகையில் இருந்தாக வேண்டும் அல்லவா?

'மயானம்' என்ற சொல் உள்ள ஒரு சட்டம்

நாடு முழுக்கப் பொருந்தும் 2013 நில எடுப்புச் சட்டத்தில் 'பொது நோக்கம்' என்றால் என்ன என்று நீளமான பட்டியல் இருக்கிறது. ராணுவம், தொழில் வழித்தடம், நீர் சேகரிப்பு, சுகாதாரம், விளையாட்டு, சுற்றுலா எல்லாம் உண்டு. சுற்றுலாவுக்கு இடம் இருக்கிறது, மயானம் என்ற சொல் இல்லை. 'கிராம நத்தத்தின் மேம்பாடு' மாதிரியான பொதுவான வாசகத்துக்குள் அதை நுழைக்கலாம். அப்படி நுழைத்தாலும் சமூகத் தாக்க மதிப்பீடு, ஆட்சேபம் கேட்க 60 நாள், விசாரணை, மறுவாழ்வுத் திட்டம் என்று வழி நீளம். 30 சென்ட் மயானத்துக்கும் ஒரு விமான நிலையத்துக்கும் கிட்டத்தட்ட ஒரே பாதை.

தமிழ்நாட்டில் இதற்கு ஒரு குறுக்கு வழி உண்டு. தமிழ்நாடு அரிசன நலத் திட்டங்களுக்கான நில எடுப்புச் சட்டம், 1978. 'சட்டம் 31/78' என்றால் தாலுகா ஆபீஸில் எல்லோருக்கும் தெரியும். ஆதிதிராவிடர்களுக்கு வீட்டுமனை, மயானம், அவற்றுக்குச் செல்லும் பாதை, வேறு வசதிகள் ஆகியவற்றுக்காக நிலம் எடுக்கலாம் என்று அதன் வரையறை தெளிவாகவே சொல்கிறது. உரிமையாளருக்கு நோட்டீஸ் கொடுத்து ஆட்சேபம் கேட்க வேண்டும். கலெக்டருக்குத் திருப்தி ஏற்பட்டால் மாவட்ட அரசிதழில் அறிவிப்பு. அது வெளியானதும் நிலம் அரசுடையது.

இவ்வளவு கூர்மையான ஆயுதம் என்பதாலோ என்னவோ, பிறந்ததிலிருந்தே இது நீதிமன்றப் படியேறிக்கொண்டே இருக்கிறது. சென்னை உயர் நீதிமன்றம் சட்டத்தையே ரத்து செய்தது. 1994-ல் உச்ச நீதிமன்றம் அந்தத் தீர்ப்பை மாற்றி, இழப்பீட்டைத் தவணையில் கொடுக்கலாம் என்ற பகுதியை மட்டும் நீக்கிவிட்டு மற்றதைக் காப்பாற்றியது. 2006-ல் உயர் நீதிமன்ற முழு அமர்வு, விசாரணை அதிகாரியின் அறிக்கை நில உரிமையாளருக்குத் தரப்பட வேண்டும், கலெக்டர் தன் மூளையைப் பயன்படுத்தித்தான் முடிவெடுத்தார் என்பது உத்தரவில் தெரிய வேண்டும் என்றது. தனி வட்டாட்சியர் அனுப்பிய கோப்பில் கையெழுத்து போட்டு அனுப்பினால் போதாது.

2013 மத்திய சட்டம் வந்தபோது மறுபடி சிக்கல். இந்தச் சட்டம் உள்பட மூன்று மாநிலச் சட்டங்களுக்கு விலக்கு அளிக்க 105ஏ என்ற பிரிவைத் தமிழ்நாடு சேர்த்தது. 2019 ஜூலையில் உயர் நீதிமன்றம் அதை ரத்து செய்தது. அதே ஆண்டு மாநில அரசு மூன்று சட்டங்களுக்கும் மறு உயிர் கொடுக்கும் சட்டத்தைக் கொண்டுவந்தது. 2021 ஜூனில் உச்ச நீதிமன்றம் அது செல்லும் என்றது. இப்போது நடைமுறை 1978 சட்டப்படி, இழப்பீடு 2013 சட்டப்படி. பழைய சட்டத்தில் சந்தை மதிப்புக்கு மேல் ஆறுதல் தொகை வெறும் 15 சதவீதம். இப்போது 100 சதவீதம். நிலம் கொடுப்பவர் பல நேரங்களில் ஓர் ஏக்கர், இரண்டு ஏக்கர் வைத்திருக்கும் சிறு விவசாயி என்பதால் இந்த மாற்றம் ரொம்பவே முக்கியம்.

சமத்துவம் கேட்டால் ஆயுதம் போய்விடும்

இங்கேதான் 2019-ல் நீதிபதிகள் கேட்ட கேள்வி திரும்ப வருகிறது.

மயானத்துக்கு வேகமாக நிலம் எடுக்கக் கைவசம் உள்ள சட்டம், ஆதிதிராவிடர் மயானத்துக்கு மட்டுமானது. ஊரில் பாகுபாடு இருக்கிறது, அதனால் தனி இடம் வாங்கித் தருவோம் என்ற 1978-ன் யோசனை அது. அன்றைக்கு அதைத் தவறு என்று சொல்ல முடியாது. ஊர் மயானத்துக்குள் விடாதபோது மக்கள் எங்கே போவார்கள்? ஆனால் விளைவு என்ன? அரசுப் பணத்தில், அரசு ஆவணத்தில், சர்வே எண்ணோடு சாதிக்கொரு மயானம்.

2021 டிசம்பரில், கள்ளக்குறிச்சி மாவட்டம் மாடூர் கிராமத்தின் அருந்ததியர் மயானம் தொடர்பான வழக்கில் நீதிபதி ஆர்.மகாதேவன் இதற்கு நேர் எதிர்த் திசையைக் காட்டினார். ஒவ்வொரு கிராமத்திலும் சாதி வேறுபாடு இல்லாத பொது மயானம் வேண்டும். மயானங்களில் உள்ள சாதிப் பெயர்ப் பலகைகளை அகற்ற வேண்டும். பொது மயானம் உள்ள ஊர்களுக்கு ஊக்கம் தர வேண்டும். உத்தரவின் சாரம் இது.

கொள்கையாக இதை மறுக்க முடியாது. நடைமுறையில் இடிக்கும் இடம் ஒன்று உண்டு. ஓர் ஊரில் பொது மயானம் இருக்கிறது, ஆனால் காலனியிலிருந்து அங்கே போகும் பாதை தனியார் வயல் வழியாகத்தான் என்று வையுங்கள். அந்தப் பாதையை 31/78 சட்டத்தில் எடுக்க முடியுமா? ஆதிதிராவிடர்களுக்கான மயானம், அதற்குச் செல்லும் பாதை என்றுதான் சட்டம் பேசுகிறது. எல்லோருக்கும் பொதுவான மயானத்துக்கான பாதை அதில் அடங்குமா என்று ஒரு வக்கீல் ஒரு மணி நேரம் வாதிடலாம். தடையாணையும் வாங்கலாம். அதே இடத்தில் தனி மயானம் கேட்டால் சட்டம் உடனே வேலை செய்யும். பொதுவாக வாழ நினைக்கும் ஊருக்குக் கஷ்டம், பிரித்து வைத்தால் சுலபம். சட்டத்தை இப்படியே விட்டுவிட்டு சமத்துவ மயானம் பற்றிப் பேசுவது எனக்குப் பொருந்தவில்லை.

அதற்காக 31/78-ஐத் தூக்கிப் போட்டுவிடலாமா? கூடாது. பொது மயானம் என்ற பலகையை மாட்டிவிட்டு, உள்ளே நுழைய விடாத ஊர்களில் அந்த மக்களிடம் மிச்சமிருக்கும் பிடிமானம் அது ஒன்றுதான்.

பஞ்சாயத்து கையில் கொடுத்தால்?

இனி ஆரம்பத்தில் கேட்ட கேள்விக்கு வரலாம். தமிழ்நாட்டில் சுமார் 12,500 கிராமப் பஞ்சாயத்துகள். ஒவ்வொன்றுக்கும் மயான நிலம் எடுக்கும் அதிகாரம் கொடுத்தால் என்ன நடக்கும்?

நல்லது நடக்க வாய்ப்பு உண்டு. எந்தப் புறம்போக்கு சும்மா கிடக்கிறது, மழைக்காலத்தில் எந்த ஓடை பெருகி மயானத்துக்குப் போகிற வழியை மறிக்கும், யார் நிலத்தின் ஓரமாகப் பாதை விட்டால் நஷ்டம் குறைவு என்பதெல்லாம் உள்ளூர்க்காரருக்குத்தான் தெரியும். கோப்பு நாலு மேசை தாண்ட வேண்டியதில்லை.

ஆனால் யாருடைய நிலத்தை எடுக்க வேண்டியிருக்கும் என்று யோசியுங்கள். ஊரில் நிலம் வைத்திருப்பவர் நிலத்தை. தலைவரின் சொந்தக்காரராக இருக்கலாம், தேர்தலில் செலவு செய்தவராக இருக்கலாம், அவர் வயலில்தான் பாதி ஊருக்குக் கூலி வேலையாக இருக்கலாம். தனித் தொகுதியில் ஜெயித்த தலைவர்கள் நாற்காலியில் உட்காரவும் கொடியேற்றவும் போராட வேண்டியிருந்த செய்திகளை நாம் படித்திருக்கிறோம். அப்படிப்பட்ட ஒரு தலைவர் ஆதிக்கச் சாதிக்காரரின் நிலத்துக்கு ஆர்ஜித நோட்டீஸ் அனுப்புவார் என்று எதிர்பார்ப்பது அவரிடம் கொஞ்சம் அதிகமாகவே கேட்பது. இன்னொரு பக்கம், பிடிக்காதவர் நிலத்தை மட்டும் குறிவைத்து எடுக்கவும் இதே அதிகாரம் பயன்படலாம். அப்போது மாட்டுவது ஆள்பலம் இல்லாத சிறு விவசாயி.

பஞ்சாயத்தே தடையாக நிற்பதற்குச் சமீபத்திய உதாரணம் சத்தீஸ்கரில் இருக்கிறது. பஸ்தர் பகுதியின் சிந்த்வாடா கிராமத்தில் 2025 ஜனவரி 7-ல் ஒரு பாதிரியார் இறந்தார். ஊர் மயானத்தில் கிறிஸ்தவர்களுக்கு இடம் இல்லை என்று எதிர்ப்பு. சொந்த நிலத்திலும் புதைக்க விடவில்லை. மகன் உச்ச நீதிமன்றம் வரை போனார். உடல் சுமார் மூன்று வாரம் பிணவறையில். ஜனவரி 27-ல் இரண்டு நீதிபதிகள் இரண்டு விதமாகத் தீர்ப்பளித்தார்கள். குடும்பத்தின் சொந்த நிலத்தில் புதைக்கலாம் என்றார் நீதிபதி நாகரத்னா. பஞ்சாயத்து தன் கடமையிலிருந்து நழுவிவிட்டது என்பதையும் அவர் சுட்டிக்காட்டினார். ஒதுக்கப்பட்ட இடத்தில்தான் புதைக்க வேண்டும் என்றார் நீதிபதி சதீஷ் சந்திர சர்மா. மூன்றாவது நீதிபதியிடம் அனுப்பினால் உடல் இன்னும் காத்திருக்க வேண்டும் என்பதால், 20 கிலோமீட்டருக்கும் மேல் தள்ளியிருந்த கர்காபால் கிறிஸ்தவ மயானத்தில் அடக்கம் செய்ய இருவரும் சேர்ந்து உத்தரவிட்டார்கள். மாநிலம் முழுக்கக் கிறிஸ்தவர்களுக்கான மயான இடங்களை இரண்டு மாதத்துக்குள் வரையறுக்கவும் சொன்னார்கள். இந்தக் கதையில் ஆர்ஜித அதிகாரம் பஞ்சாயத்திடம் இருந்திருந்தால் அந்தக் குடும்பத்துக்கு ஒரு சென்ட் கூடக் கிடைத்திருக்காது.

மேலிருந்து உத்தரவு போட்டாலே நடந்துவிடுமா என்றால் அதுவும் இல்லை. பக்கத்து மாநிலமான கர்நாடகத்தில், மயானம் இல்லாத கிராமங்களுக்கு நிலம் கொடுங்கள் என்று 2019-ல் உயர் நீதிமன்றம் சொன்னது. அது நிறைவேறாமல் அவமதிப்பு வழக்காகி, பல ஆண்டுகள் அதிகாரிகள் நீதிமன்றத்தில் விளக்கம் சொல்லிக்கொண்டிருந்தார்கள்.

இங்கிலாந்தில் எப்படிச் செய்கிறார்கள்?

'அதிகாரம் உள்ளூருக்கா, மேலேயா' என்ற இழுபறிக்கு இங்கிலாந்தின் உள்ளாட்சிச் சட்டம், 1972 ஒரு நடுவழி வைத்திருக்கிறது. அங்கே மாவட்ட கவுன்சிலும் மயானம் நடத்தலாம், நம் கிராமப் பஞ்சாயத்து மாதிரியான பாரிஷ் கவுன்சிலும் நடத்தலாம். மாவட்ட அளவிலான கவுன்சில், அமைச்சரின் ஒப்புதலோடு கட்டாய நில எடுப்பு செய்ய முடியும். சின்ன அமைப்பான பாரிஷ் கவுன்சிலால் நேரடியாக முடியாது. ஆனால் நியாயமான விலைக்கு நிலம் கிடைக்கவில்லை என்று அது மாவட்ட கவுன்சிலிடம் முறையிடலாம். மாவட்ட கவுன்சில் விசாரித்து, அந்தச் சின்ன கவுன்சிலுக்காக நிலத்தை எடுத்துத் தரலாம்.

எனக்குப் பிடித்தது அதற்கு அடுத்த வரி. மாவட்ட கவுன்சில் மறுத்தாலோ, சட்டம் சொல்லும் சில வாரக் கெடுவுக்குள் உத்தரவு போடாவிட்டாலோ, பாரிஷ் கவுன்சில் நேரடியாக அமைச்சரிடம் மனு செய்யலாம். அவரே உத்தரவு போடலாம். கோப்பு மேசையில் தூங்கினால் அதைத் தூக்கிக்கொண்டு அடுத்த மாடிக்குப் போகிற உரிமை, சட்டத்திலேயே எழுதப்பட்டிருக்கிறது.

அங்கே சாதி மயானம் இல்லை. நம் ஊர் அதிகார உறவுகளும் இல்லை. அப்படியே எடுத்து ஒட்ட முடியாது. கெடு என்ற ஒன்றை மட்டும் எடுத்துக்கொள்ளலாம். நம் நாட்டுக்கு அதில் ஒரு திருத்தமும் வேண்டும்: கேட்கும் உரிமை பஞ்சாயத்துக்கு மட்டும் இருந்தால் போதாது. பஞ்சாயத்து வாய் திறக்காத ஊரில், மயானமோ பாதையோ இல்லாத குடியிருப்பு மக்கள் நேரடியாக கலெக்டரிடம் மனு கொடுத்தால் அதுவும் அதே கெடுவோடு செல்ல வேண்டும். நிலத்தை எடுப்பவர் கலெக்டராகவே இருக்கட்டும். ஊர்ச் சண்டைக்குக் கொஞ்சமாவது வெளியே நிற்பவர் அவர்தான். எந்த இடம் என்று அடையாளம் காட்டுவதில் மட்டும் கிராம சபைக்குப் பங்கு இருக்கலாம்.

31/78 சட்டத்தின் வரையறையில் 'எல்லோருக்கும் பொதுவான மயானம், அதற்கான பாதை' என்ற வார்த்தைகளைச் சேர்க்க மாநில அரசால் முடியும். மத்திய சட்டத்தோடு மோதாமல் இருக்கக் குடியரசுத் தலைவர் ஒப்புதல் வாங்க வேண்டியிருக்கும். 2019-ல் மூன்று சட்டங்களுக்காக அதைச் செய்தவர்கள்தானே?

பாதையை மறந்துவிட்டால் எல்லாம் வீண்

மயானச் சண்டை என்று செய்தியில் வருவதைக் கூர்ந்து கவனித்தால், பல நேரம் மயானம் இருக்கும். சர்வே எண்ணும் இருக்கும். போக வழிதான் இருக்காது. வயலில் நெல் நிற்கும்போது வரப்பில் பாடையைத் தூக்கிக்கொண்டு போக முடியாது. இடுப்பளவு தண்ணீரில் வாய்க்காலைக் கடந்து உடலைத் தூக்கிப்போகும் படங்கள் ஒவ்வொரு வடகிழக்குப் பருவமழையிலும் வருகின்றன. நாராயணபுரத்திலும் தடுத்தது பாதைதான்.

மயானத்துக்கு 50 சென்ட் தேவை என்றால் அது ஒருவர் நிலம், ஒரு நோட்டீஸ். அரை கிலோமீட்டர் பாதை என்றால் பத்துப் பதினைந்து பட்டாதாரர்கள், ஒவ்வொருவரிடமும் துண்டு துண்டாக நிலம். ஒருவர் தடையாணை வாங்கினாலும் நடுவில் பாதை அறுந்துவிடும். அதிகாரிகள் பாதையைக் கடைசிக்குத் தள்ளுவதன் காரணம் இதுதான். ஆனால் பாதை முடிவாகாமல் மயான இடத்தைத் தேர்வு செய்வது வாசல் வைக்காமல் வீடு கட்டுவது மாதிரி.

புறம்போக்கிலேயே முடித்துவிடலாம் என்றால், ஊரில் மிச்சமிருக்கும் புறம்போக்கு பெரும்பாலும் ஓடை, ஏரி, வாய்க்கால். நீர்நிலைகளை வேறு எதற்கும் மாற்றக் கூடாது என்பதில் உயர் நீதிமன்றம் கறாராக இருக்கிறது, அது சரியும்கூட. மேய்ச்சல் புறம்போக்கு என்றால் ஆடு மாடு வைத்திருப்பவர்கள் கேட்பார்கள். கடைசியில் பட்டா நிலத்துக்குத்தான் வந்து நிற்க வேண்டும்.

இதற்கிடையே இன்னொரு விஷயம். 2019 டிசம்பரில் ஊரக உள்ளாட்சித் தேர்தல் நடந்த மாவட்டங்களில் பிரதிநிதிகளின் பதவிக்காலம் 2025 ஜனவரி 5-ல் முடிந்தது. பஞ்சாயத்துகளைத் தனி அலுவலர்கள் கவனிக்க ஆரம்பித்தார்கள். பஞ்சாயத்துக்கு அதிகாரம் கொடுப்பது பற்றி எவ்வளவு பேசினாலும், அப்படிப்பட்ட காலங்களில் அந்த நாற்காலியில் உட்காருவது ஓர் அரசு அலுவலர்தான்.

உங்கள் ஊர் மயானம் ஆவணத்தில் இருக்கிறதா?

இதை நீங்களே பார்க்கலாம். தமிழ்நாடு அரசின் நில இ-சேவை இணையதளத்தில் மாவட்டம், வட்டம், கிராமம், புல எண் கொடுத்தால் 'அ' பதிவேட்டு விவரம் வரும். மயானம் இருக்கும் புல எண்ணின் வகைப்பாட்டைப் பாருங்கள். மயானம் அல்லது சுடுகாடு என்று இருந்தால் நல்லது. ஓடை, வண்டிப்பாதை, தனியார் பட்டா என்று இருந்தால், பல தலைமுறையாகப் புதைத்துவரும் அந்த இடம் காகிதத்தில் மயானமே இல்லை. 2023 முழு அமர்வுத் தீர்ப்புக்குப் பிறகு அது வெறும் காகித விஷயமும் இல்லை, யாராவது ஒருவர் வழக்குப் போட்டால் போதும்.

அடுத்து, பாதை. கிராம வரைபடத்தில் மயானப் புல எண்ணிலிருந்து குடியிருப்பு வரை அரசு நிலமாகவே வழி போகிறதா, நடுவில் பட்டா எண் குறுக்கிடுகிறதா என்று கிராம நிர்வாக அலுவலரிடம் கேளுங்கள். குறுக்கிட்டால், கிராம சபையில் தீர்மானமாகப் பதிவு செய்து அதன் நகலைக் கையில் வாங்கி, கலெக்டரின் குறைதீர்க்கும் நாளில் மனுவோடு இணைத்துக் கொடுக்கலாம். சாவு விழாத ஒரு சாதாரண வாரத்தில் இதைச் செய்துவிடுங்கள்.